பட்டாளத்துத் தாத்தாவின் கடதாசிகளை எங்கே ஏற்றுவது: முகநூலா, சொந்தத் தளமா, நூலகமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனத்தின் பக்கம். அம்மப்பாவின் பட்டாளக் கடதாசிகளையும் படங்களையும் இணையத்தில் எங்கே சேர்ப்பது என்று வீட்டில் நடந்த இழுபறி கடைசியில் அங்கேதான் போய் முடிந்தது. மாமா முகநூலே போதும் என்றார். கனடாவில் இருக்கும் தம்பி, சொந்தமாக ஒரு தளம் செய்து தருகிறேன் என்றான். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டுமே சறுக்கின. அதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

நான் பேசுவது 1939–45 போருக்குப் போனவர்களைப் பற்றி. அம்மப்பா சிலோன் கரிசன் ஆர்ட்டிலரியில் இருந்தவர். கரையோரப் பீரங்கிகளை இயக்கிய படை அது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது அவர் ஊரில்தான் இருந்தார். அவரைப் போன்றவர்களின் சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்றிதழ், சீருடைப் படம் எல்லாம் திருமலையில் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. மிஞ்சியதே பெரிய காரியம். இடம்பெயர்வுகளில் தொலைந்தவை ஒரு பங்கு. 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனவை இன்னொரு பங்கு. சீருடையில் ஓர் ஆள் நிற்கும் படம் வீட்டில் அகப்பட்டால், அது எந்தக் காலத்துச் சீருடை என்று நின்று விளக்க முடியாத ஆண்டுகளும் இங்கே இருந்தன. அப்போது அடுப்புக்குள் போனவையும் உண்டு. ஆகவே, ஏற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியில் எங்கள் வீட்டில் யாரும் மினக்கெடவில்லை.

வெளிநாட்டுக் காப்பகங்களில் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கதவுகள் அநேகமாகச் சாத்தியாயிற்று. பிபிசி உலகப் போர் நினைவுகளைப் பொதுமக்களிடமிருந்து திரட்டியது 2003 ஜூன் முதல் 2006 ஜனவரி வரை. 47,000 கதைகள் அங்கே இருக்கின்றன. போய் வாசிக்கலாம், புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முன்னாள் படைவீரர் திட்டம் அமெரிக்கப் படையில் இருந்தவர்களுக்கு. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தரவுத்தளத்தில் பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, கல்லறை இலக்கம் எல்லாம் இலவசமாகத் தேடலாம். ஆனால் இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்கே அதில் இடம். போர் முடிந்து வீடு திரும்பி, பிள்ளை குட்டி பெற்று, பேரப்பிள்ளைகளைக் கண்டு, கட்டிலில் கண்மூடிய அம்மப்பாவுக்கு அங்கே ஒரு வரியும் கிடையாது.

ஆனாலும் அந்த ஆணைக்குழுவின் போர் மயானம் நிலாவெளி வீதியில்தானே இருக்கிறது, ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். வெட்டிய புல், வரிசை குலையாத கற்கள், படித்தால் புரியும் எழுத்து. அங்கே கிடப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த ஊரில் ஒரு சொந்தமும் இல்லை, ஆண்டுத் திவசத்துக்கு வர ஆளில்லை. ஆனாலும் இடம் அப்படியே இருப்பதற்குக் காரணம், 1917இல் அரச சாசனத்தால் அமைந்த ஒரு நிறுவனம் அதைக் கவனிப்பதுதான். பிரிட்டன், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா என்ற ஆறு அரசுகள் தத்தம் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு நினைவு நிலைக்க யாராவது ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் காசு கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இணையத்திலும் கணக்கு இதுதான். முகநூல், தளம், நூலகம் மூன்றையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தேன்: நான் இல்லாதபோது யார் கட்டுவார்?

முகநூலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காசு இல்லை, எல்லோருக்கும் பழக்கம், போட்ட அன்றைக்கே நாலு நாட்டுச் சொந்தங்கள் வந்து பேசும். குறையும் தெரிந்ததே. படத்தின் தரம் குறைந்துதான் ஏறும், பழைய பதிவைத் தேடி எடுப்பது தலைவேதனை, கணக்கு ஒரு தனியாளின் பெயரில் இருக்கும். இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றவும் முன்கூட்டியே ஒரு பொறுப்பாளரைக் குறித்து வைக்கவும் வழி உண்டு; எங்கள் குடும்பத்தில் அதைச் செய்துவைத்த ஆளை நான் இன்னும் காணவில்லை. இன்னொன்று, இந்தக் கடைகள் மூடப்படும். ஜியோசிட்டீஸ் 2009இலும், ஆர்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. அவற்றில் எத்தனை பேரின் தாத்தா படங்கள் போயிருக்கும் என்று கணக்கெடுத்தவர் கிடையாது.

சொந்தத் தளத்தில் எனக்கு உண்மையில் ஆசை இருந்தது. வேண்டிய மாதிரி அடுக்கலாம். துறைமுக வரைபடம் ஒன்றைப் போட்டு, எந்தப் படம் எங்கே எடுத்தது என்று புள்ளி வைக்கலாம். தமிழில் ஒரு பக்கம், பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தம்பி மாதிரிக்கு ஒன்று செய்து காட்டியபோது, வேறு எங்கும் இந்த அழகு வராது என்றுதான் தோன்றியது.

பிறகு செலவைக் கேட்டேன். தளப் பெயருக்கு ஆண்டுதோறும் புதுப்பிப்பு, வழங்கியிடத்துக்கு வாடகை, மென்பொருளுக்கு ஓயாத இற்றைப்படுத்தல். தொகை பெரிதல்ல, ஒரு நல்ல சாப்பாட்டுக் காசுதான். பிரச்சினை தொகையில் இல்லை, அது ஒருவரின் அட்டையில், ஒருவரின் மின்னஞ்சலில், ஒருவரின் ஞாபகத்தில் தொங்குவதில்தான். அட்டை காலாவதியானால் கட்டணம் போகாது. எச்சரிக்கைக் கடிதம் யாரும் திறக்காத மின்னஞ்சலுக்கு வரும். 2022 டொலர் நெருக்கடி நேரம் உள்ளூர் அட்டையால் வெளிநாட்டுக் கட்டணம் கட்டப் பட்ட பாட்டை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது கட்டவேண்டியிருந்தது மருந்துக்கும் எரிவாயுவுக்கும். தாத்தாவின் தளத்துக்கு யார் கட்டியிருப்பார்கள்?

ஊகமாகச் சொல்லவில்லை. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு தம் ஊரின் பழைய படங்களையும் குடும்ப மரங்களையும் சேர்த்து ஒரு தளம் நடத்தினார். நல்ல உழைப்பு. அவர் காலமான பிறகு கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. தளப் பெயர் காலாவதியாகி இன்னொருவர் கைக்குப் போய், இப்போது அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். காசு இல்லாமல் நடந்ததல்ல இது. அது யாருடைய பொறுப்பு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் இலவச வலைப்பூ போதுமே என்றான் தம்பி. அதில் தளப் பெயர் காலாவதியாகும் பயம் இல்லை, உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு யாரும் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. கணக்கை உயிரோடு வைத்திருக்க ஓர் ஆள் தேவை என்ற இடத்துக்கே சுற்றி வந்து நிற்கிறோம்.

இனி நூலகம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளை எண்ணிமப்படுத்தி இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. படங்கள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள், வாய்மொழி வரலாறுகளுக்கு ஆவணகம் என்று தனிப்பிரிவு உண்டு. எங்கள் கடதாசிகளுக்குப் பொருந்துவது அதுதான்.

அங்கே எனக்குப் பிடித்தது அழகல்ல. அழகில் தம்பியின் மாதிரித் தளம்தான் மேல். பிடித்தது, ஒவ்வொரு ஆவணமும் தனிப் பதிவாக, விவரக் குறிப்போடு போய் உட்காருவது. யார், எந்தப் படை, எந்த ஆண்டு, எந்த இடம், யார் வழங்கியது எல்லாம் தேடக்கூடிய யுனிகோட் எழுத்தில். இது பெரிய விஷயம். பழைய குடும்ப மலர்கள் பல யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் தேடுபொறிக்கு அது வெறும் குப்பை. பெயர்க் குழப்பம் வேறு. இராணுவக் கடதாசியில் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயருக்கும், வீட்டில் தமிழில் எழுதும் பெயருக்கும், பிறப்புச் சான்றிதழில் உள்ளதற்கும் சம்பந்தமே இருக்காது. மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்தால்தான், நாளைக்கு மெல்பேணிலிருந்து தேடும் ஒரு பிள்ளைக்குத் தட்டுப்படும்.

முக்கியமான காரணம் வேறு. அங்கே ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார். நான் கடவுச்சொல்லை மறந்தாலும், தம்பிக்கு வேலை போனாலும், மாமா கண்மூடினாலும் அம்மப்பாவின் பதிவு அசையாது. அவர்களும் நன்கொடையிலும் தன்னார்வ உழைப்பிலும்தான் ஓடுகிறார்கள், நிலாவெளி மயானம் மாதிரி ஆறு அரசுகள் பின்னால் இல்லை. ஆகவே என்றென்றைக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு தனியாளின் அட்டையைவிட இருபது ஆண்டு தாண்டிய நிறுவனத்தை நம்பலாம், அவ்வளவுதான் என் வாதம்.

குறை இல்லாமல் இல்லை. முகநூல் வேகம் அங்கே கிடையாது. விவரக் குறிப்பைக் கேட்டுக் கேட்டு எழுதவேண்டும், அது மெனக்கெட்ட வேலை. குடும்பத்துக்குள் மட்டும் பார்க்கவேண்டிய கடிதங்களுக்கு ஒரு பொதுக் காப்பகம் பொருந்தாது, அவற்றை நாங்கள் கொடுக்கவே இல்லை. மாமா ஒரு காலத்தில் கசெட்டில் பிடித்த அம்மப்பாவின் குரல் இருக்கிறது, அதை இப்போதுதான் கணினிக்கு மாற்றுகிறோம். ஒலிப்பதிவு விஷயத்தில் என் அனுபவம் மெல்லியது, அதைப் பற்றி அறிவுரை சொல்ல வரவில்லை.

ஒரே இடத்தில் வைத்தால் போதுமா என்றால், போதாது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவைதான் மீளவே இல்லை. அதனால் அதே கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். 1996இல் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு அது, காசு கேட்பதில்லை. அதுவும் 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கிக் கிடந்தது. தமிழில் தேடும் நம்மவர் அங்கே எட்டிப் பார்ப்பது குறைவு என்பதால் எனக்கு அது இரண்டாம் பிரதி மட்டுமே. விக்கிமீடியா பொதுவகத்தையும் யோசித்தேன். அங்கே ஏற்றும் படத்தை வியாபாரத்துக்கும் யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுக்கவேண்டும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. படம் எடுத்தது ஸ்டூடியோக்காரர் என்றால் உரிமை நம்முடையதா என்ற சிக்கலும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாகப் படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை நீள்கிறது.

எங்கே ஏற்றினாலும் சில வேலைகள் மாறாது. படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்புறத்தையும் சேர்த்து. பென்சிலால் எழுதிய பெயரும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். பென்சன் கடிதங்களில் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இருந்தால் மறைத்துவிட்டு ஏற்றுங்கள். பதக்கத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பிரிட்டன் வழங்கிய அந்தப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிப்பதில்லை. கடதாசி பக்கத்தில் இல்லாவிட்டால் அது யாருடைய பதக்கம் என்பதற்கே சாட்சி கிடையாது. சம்பளப் புத்தகத்தையும் பதக்கத்தையும் ஒரே பதிவில் கட்டிவைத்தது அதனால்தான்.

வீட்டில் கணினி தெரிந்த இரண்டு தலைமுறை இருந்து, யார் கட்டணம் கட்டுவது என்று எழுதி ஒப்புக்கொண்ட குடும்பமானால் சொந்தத் தளத்தையே நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. மாமா முகநூலில் போட்ட படத்தையும் அழிக்கச் சொல்லவில்லை. அந்தப் பதிவுக்குக் கீழேதான் மூதூர்க்காரர் ஒருவர் வந்து, அம்மப்பாவுக்கு இடப்பக்கம் நிற்பவர் தன் பெரியப்பா என்று எழுதினார். அவர் வீட்டாரிடம் கேட்டு அந்தப் பெயரையும் ஆவணகப் பதிவுக்கான குறிப்பில் சேர்த்து அனுப்பியாயிற்று. பின்வரிசையில் இன்னும் நாலு பேர் பெயரில்லாமல் நிற்கிறார்கள். அந்தப் படத்தை அடுத்த மாதம் திரும்பவும் முகநூலில் போடச் சொல்லியிருக்கிறேன்.