மிளகா, மிளகாயா?

பினாங்கு லெபோ பாசார் மளிகைக்கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் கிடக்கும். வயதில் மிளகுதான் மூத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சங்க காலத்திலேயே ‘கறி’ என்ற பெயரோடு யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) மரக்கலம் ஏறி, பொன்னுக்கு விலைபோனது. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபின் இந்தத் தீவிலும் மிளகுக்கொடி படர்ந்தது.

மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-க்குப் பிறகு போர்த்துகீசியர் வழியாகத்தான் நம் அடுப்படிக்கு வந்தது. பெயரே மிளகிடம் வாங்கிய கடன்: மிளகு போல் உறைக்கும் காய்.

நண்டுப் பிரட்டலுக்கு நிறம் கொடுப்பது மிளகாய், சரி. ஆனால் சளி பிடித்த நாளில் அம்மா நான்கு மிளகை அம்மியில் நசுக்கி ரசத்தில் போட்டால் மூக்கு திறந்துவிடும். மிளகாயைத் தாளித்தால் இருமல்தான் மிச்சம்.