‘பாரதி கையெழுத்து’ என்று ஃபிரேம் போட்டு விற்கிறார்கள்: கழற்றிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் பழைய கடிதம், பழைய தாள் என்று தேடிச் சேர்க்கும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

பாரதியின் கையெழுத்து என்று சொல்லி இரண்டு வரி உள்ள ஒரு துண்டுத் தாளை ஒருவர் எனக்கு 1,600 வெள்ளிக்கு விற்றார். அது பாரதி எழுதியது இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், தான் கொடுத்த ரசீதையே எனக்கு எதிராக நீட்டுகிறார்.

ரசீதில் இருப்பது இதுதான்: 14 நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆனால் ஃபிரேமின் பின்பக்க சீல் கலைந்திருக்கக் கூடாது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளின் முதுகைப் பார்க்காமல், மை எப்படி இறங்கியிருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்காமல், எதையும் உறுதி செய்ய முடியாது. பிரித்தால் பணம் போச்சு, பிரிக்காவிட்டால் உண்மை தெரியாது. வேண்டுமென்றே போட்ட முடிச்சு இது.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படங்களில் கண்ணாடியின் வெளிச்சம்தான் தெரிந்தது. பேநவ்வில் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) பணம் போன பிறகு பொருள் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து நல்ல வெளிச்சத்தில் படித்ததும் ‘நிலை’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. நம் தாத்தா பாட்டி எழுதிய கடிதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தக் காலத்து ‘லை’ இன்றைய ‘லை’ அல்ல. எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஒட்டிக்கொண்டிருக்கும். ணை, ளை, னை எல்லாம் அப்படித்தான். இன்று நாம் எழுதும் வடிவத்தைப் பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்தது 1935இல். தமிழ்நாடு அரசு ஏற்றது 1978இல். பாரதி மறைந்தது 1921இல். என்னிடம் வந்த துண்டில் ‘லை’ இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டுமே இன்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற ‘லை’.

அதற்கு மேல் சீலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, பிரித்தேன். தாள் இருபக்க டேப்பில் ஒட்டியிருந்தது. விலை மதிப்புள்ள எந்தத் தாளையும் விவரம் தெரிந்தவர் அப்படி ஒட்ட மாட்டார். யூவி டார்ச் அடித்ததும் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. அப்படி ஒளிரவைக்கும் வெண்மைப் பொருளைக் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950 வாக்கில்தான். (ஒளிராவிட்டால் அசல் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து எழுதுகிறவர்களும் உண்டு.) லென்ஸில் பார்த்தபோது, மடிப்பு விழுந்த கோட்டில் மை இரு பக்கமும் கசிந்து ஓடியிருந்தது. அதாவது தாளை முதலில் மடித்துப் பழசாக்கிவிட்டுப் பிறகு எழுதியிருக்கிறார்கள். பாரதியைப் போல ஓடி எழுதுகிற கையில் வரும் வேகமும் இல்லை. ஒரே எழுத்துக்குள் பேனாவைத் தூக்கித் தூக்கி, வரைந்த மாதிரி இருந்தது.

கூட வந்த சான்றிதழில் தங்க முத்திரை எல்லாம் உண்டு. எந்த அசலோடு ஒப்பிட்டார்கள், யார் ஒப்பிட்டார் என்பது மட்டும் இல்லை. கொடுத்த நிறுவனம் விற்றவருடையதே.

தாள் எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். முதலில் “போன வருஷம் பாண்டிச்சேரியில ஒரு வீட்டிலேர்ந்து எடுத்தது” என்றார். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 வருடத்துக்கு மேற்பட்ட, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியைத் தனியார் யாரும் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது என்று சொன்னேன். உடனே அந்த வீடு பினாங்குக்கு மாறிவிட்டது. பணம் கேட்டதற்கு, “அண்ணே, சீலை நீங்கதானே உடைச்சீங்க, இனிமே நான் என்ன பண்றது?” என்றார். இன்னும் கொதிக்கிறது எனக்கு. வயதானவர்கள் எத்தனை பேர் இதைப் பூஜை அறையிலோ கூடத்திலோ மாட்டி வைத்திருக்கிறார்களோ!

விலையைப் பற்றி ஒன்று. முழுக் கடிதம் என்றால் தேதி, யாருக்கு எழுதியது, என்ன விஷயம் எல்லாம் இருக்கும், சரிபார்க்கலாம். வெட்டிய துண்டில் அந்தச் சாட்சிகள் எல்லாம் போய்விடுகின்றன. அதனால்தான் துண்டுக்கு மதிப்பு குறைவு, போலி செய்வதும் சுலபம். பாரதியின் கையெழுத்து பல நூல்களில் படமாக அச்சாகியிருக்கிறது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

அதே ஆள் இப்போது நேதாஜி கையெழுத்தும் வைத்திருப்பதாகக் கேள்வி. 1943 ஜூலையில் நேதாஜி இங்கே வந்தவர், அவர் படையில் நம் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம், ஆகவே அசல் தாள் இங்குள்ள குடும்பங்களில் இருக்கலாம். அந்த நம்பிக்கையைத்தான் காசாக்குகிறார்கள். அந்த வருடத்துக் கையெழுத்து என்று காட்டுவது பால்பாயிண்ட் பேனாவில் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவிலேயே அந்தப் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபரில்.

நான் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் (சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம்) மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சீல் வைத்த ஃபிரேமில் இதே மாதிரி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப் பேச்சு, பேநவ் ரசீது எதையும் அழிக்காதீர்கள். பிரிப்பதற்கு முன்னால் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.