கடலோரப் பள்ளிக்கு எந்த வெளிநாட்டுக் கூட்டு?

வெளிநாட்டு ஆசிரியர்களோடு சேர்ந்து வகுப்பறையில் புதிதாக ஒன்றைச் செய்ய விரும்பும் ஆசிரியருக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன: அரசு அனுப்பும் பயணம், இணையவழிக் கூட்டுத் திட்டம், பல நாட்டுப் பள்ளிகள் ஒரே அளவீட்டை எடுத்துப் பகிர்வது, ஜப்பானிய முறையிலான பாட ஆய்வு. இராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபத்திலோ தொண்டியிலோ ஏர்வாடியிலோ உள்ள அரசுப் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்தே இவற்றை எடைபோடுகிறேன். சென்னைத் தனியார் பள்ளிக்கு விடை வேறாக இருக்கலாம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனவு ஆசிரியர் தேர்வில் வென்றவர்களைத் தமிழக அரசு 2024இல் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது தக்க மதிப்பளிப்பு. ஆயினும் அது சிலருக்கே கிட்டும். அங்கே அறிமுகமான ஆசிரியரோடு தொடர்ந்து செய்ய ஒரு வேலை அமையாவிட்டால், உறவு புத்தாண்டு வாழ்த்தோடு முடிந்துவிடும்.

இணையவழித் திட்டங்களில் மூத்தது, 1988இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்துத் தொடங்கிய ஐயேர்ன். (ஐரோப்பிய ஆணையம் 2005இல் தொடங்கிய ஈட்வின்னிங் புகழ்பெற்றதுதான் என்றாலும் இந்தியப் பள்ளிகள் அதன் வட்டத்துக்கு வெளியே உள்ளன.) பொம்மை ஒன்றை அஞ்சலில் அனுப்பி, அது சென்ற ஊரைப் பற்றி அதன் பெயரிலேயே நாட்குறிப்பு எழுத வைக்கும் ஐயேர்ன் திட்டம், எழுதத் தயங்கும் பிள்ளையையும் எழுத வைக்கக்கூடியது. தடை வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தயக்கமின்றிக் கடிதம் எழுதும் ஒரே ஆசிரியரையே இத்தகைய கூட்டு பெரும்பாலும் நம்பியிருக்கிறது. மாறுதல் கலந்தாய்வில் அவர் பரமக்குடிக்குப் போய்விட்டால், கூட்டும் அவரோடு போய்விடும்.

மூன்றாம் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, யுனெஸ்கோவின் ஆதரவில் 1990களின் இறுதியில் கரீபியத் தீவுகளில் உருவான சாண்ட்வாட்ச். மாணவர்கள் தங்கள் கடற்கரையின் அகலம், அலையின் உயரம், நீரோட்டத்தின் திசை, கரையொதுங்கும் குப்பை ஆகியவற்றை ஆண்டு முழுவதும் அளந்து, அலசி, பகிர்ந்து, அதன்மேல் ஒரு செயலிலும் இறங்குவார்கள். அளவு நாடா, நிறுத்துக் கடிகாரம், குறிப்பேடு ஆகியவற்றோடு இதைத் தொடங்கிவிடலாம். திரினிடாட்டில் நள்ளிரவு 12.30 ஆகும்போது பாம்பனில் காலை 10 மணி. நேரலைச் சந்திப்புக்கு இந்த இடைவெளி பெருந்தடை, எண்களைப் பரிமாறுவதற்கோ தடையே இல்லை. ஆசிரியர் மாறினாலும் குறிப்பேடு பள்ளியிலேயே இருக்கும்.

அதைவிட முக்கியமானது, நம் பிள்ளைகளிடம் கொடுப்பதற்குச் சரக்கு இருக்கிறது என்பது. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கமும் தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும் மாறி மாறிக் கொந்தளிக்கும். பெண்கடல் என்றும் ஆண்கடல் என்றும் மீனவர்கள் பிரித்துச் சொல்லும் இரு கடல்களையும் பாம்பன் மாணவர் ஒரே வாரத்தில் அளந்துவிடலாம். பவளப்பாறையை வெட்டியெடுத்ததன் விளைவாக வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போன கதையும், மண் அரிப்பைப் பற்றிய பாடமும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. இதே வகையைச் சேர்ந்த, அமெரிக்கா 1995இல் தொடங்கி, இந்தியா 2000இல் சேர்ந்த குளோப் திட்டம் வளிமண்டலம், நீர், மண் எனப் பரந்தது. அதன் அளவீட்டு நெறிகள் கண்டிப்பானவை, ஆசிரியருக்குப் பயிற்சியும் தேவை. மேல்நிலைப் பள்ளிக்கு அது பொருந்தும். நடுநிலைப் பள்ளிக்குச் சாண்ட்வாட்சே போதும்.

பாட ஆய்வு இவற்றோடு போட்டியிடுவதில்லை, துணையாகவே நிற்கிறது. சில ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட, ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆசிரியரை விடுத்து மாணவர்களைக் கவனித்து, பின்னர் கூடிப் பேசித் திருத்தும் இம்முறை, ஜப்பானிய அரசின் பன்னாட்டு உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு இந்தோனேசியாவிலும் பரவியது. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இதற்கு இடம் கண்டுபிடிப்பது அரிதல்ல. அளவீட்டுப் பாடத்தையே முதல் பாடமாக எடுத்துக்கொண்டால், அந்தக் கூட்டங்களும் சுற்றறிக்கை வாசிப்பிலிருந்து தப்பிக்கும்.

ஆகவே நான் முதலில் தேர்வது சாண்ட்வாட்ச். அதற்கும் குறைகள் உண்டு. சில மாத அளவுகளை வைத்துக் கரை அரிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பருவத்துக்குப் பருவம் மணல் போவதும் வருவதும் இயல்பு. பிள்ளைகளைக் கடலோரம் அழைத்துச் செல்லத் தலைமையாசிரியரின் ஒப்புதலும் கூடுதல் ஆட்களும் வேண்டும். மே மாத விடுமுறையில் அளவீடு அறுந்துபோவது இன்னொரு சிக்கல்; ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள் என்பதால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அவர்களில் இருவரிடம் நாடாவையும் குறிப்பேட்டையும் ஒப்படைக்கலாம்.