மர்மதேசம் முதல் எதிர்நீச்சல் வரை: அவ்வப்போது சீரியல் பார்க்கும் ஒருவரின் அனுபவம்

நான் ஒரு பகுதி விடாமல் சீரியல் பார்க்கும் ஆள் இல்லை. துணி மடிக்கும்போதும் மறுநாளுக்குக் காய் நறுக்கும்போதும் எதிரே டிவி ஓடும். காட்சி பிடித்துப்போனால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இப்படியே தொண்ணூறுகளிலிருந்து நிறையப் பார்த்தாகிவிட்டது. இத்தனை வருடத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. மர்மத் தொடரை எடுப்பவருக்கு முடிவு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். குடும்பத் தொடருக்கோ மர்மத் தொடரின் சாமான்கள் எதுவும் தேவையில்லை. நல்ல குடும்பத் தொடர்கள் பலவும் சரிந்தது அந்தச் சாமான்களைக் கடன் வாங்கிய பிறகுதான்.

முதலில் மர்மதேசம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதில் 'விடாது கருப்பு' எனக்கு இன்றும் உச்சம். தப்பு செய்தவனைக் குதிரையில் வரும் கருப்புசாமி தண்டிக்கிறார் என்று நம்பும் ஒரு கிராமம். சாமியா, மனிதனா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு, ஒரு பையனின் பழைய காலத்தையும் இன்றைய காலத்தையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போவார்கள். பெரிய செலவோ வரைகலை வித்தையோ கிடையாது. இருட்டு, குளம்புச் சத்தம், ஊர்க்காரர்களின் பேச்சு, இவ்வளவுதான். வாரம் ஒரு நாள்தான் வரும். நடுவில் இருக்கும் நாட்களில் யார் கருப்பு என்று வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் பேசித் தீர்ப்போம். பிற்பாடு யூடியூபில் மறுபடி பார்த்தபோதுதான் அதன் அருமை இன்னும் புரிந்தது. முடிவு தெரிந்து பார்த்தாலும் முன்னால் வைத்த குறிப்புகள் எல்லாம் பொருந்தி நிற்கின்றன. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள், அதனால் முடிவைச் சொல்லமாட்டேன்.

தினசரித் தொடரில் இது நடக்காது. தினமும் ஒரு பகுதி வந்தாக வேண்டும், கதை எங்கே முடியும் என்பதை டிஆர்பி தீர்மானிக்கும். எனவே பதற்றத்தைத் தாமதத்தால்தான் உண்டாக்குகிறார்கள். ஒருவர் கதவைத் திறப்பார், அறையில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக, இசையோடு காட்டுவார்கள், 'தொடரும்' போட்டுவிடுவார்கள். மறுநாள் முதல் சில நிமிடம் அதே காட்சி மறுபடி. உள்ளே வந்தவர் யார் என்று தெரியும்போது எனக்கு ஆவல் வடிந்திருக்கும்.

மெட்டி ஒலிக்கு இந்த உத்தியே அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்தது, திருமுருகன் இயக்கம். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், ஒவ்வொரு பெண்ணும் புகுந்த வீட்டில் படும் பாடு, அவ்வளவுதான் கதை. டெல்லி குமார் அந்த அப்பாவாக நடிக்கவில்லை, வாழ்ந்தார் என்றே சொல்வேன். மகள் சரோ வாசலில் வந்து நின்றாலே 'என்ன நடந்ததோ' என்று வயிறு கலங்கும். சரோவின் கணவன் மாணிக்கமாக வந்த சேத்தன்தான் விடாது கருப்பிலும் முக்கிய வேடம். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மாணிக்கம் அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு மனைவி பக்கம் திரும்பும் பார்வைதான் எனக்கு அதிக பயம் தந்தது. கத்தி, விஷம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பு வந்தபோது அந்தக் காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் கூட உட்கார்ந்து பார்த்தார்கள்.

2013இல் தொடங்கிய தெய்வமகள் வேறு வழியில் போனது. அண்ணியார் காயத்ரியாக ரேகா கிருஷ்ணப்பா. கொழுந்தன் பிரகாஷ் 'அண்ணியாரே' என்று கூப்பிடும் தொனிக்காகவே பார்த்தவர்கள் உண்டு. முதலில் அவர்களுக்குள் நடந்த மோதல் உண்மையிலேயே விறுவிறுப்பு. ஆனால் 2018 வரை இழுத்தபோது, அவள் பிடிபடுவதும் தப்பிப்பதுமாகவே போய், வீடு என்ற ஒன்று கதையில் இல்லாமல் போனது. நான் பாதியில் விட்டுவிட்டேன்.

இப்போது எதிர்நீச்சல். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கோலங்கள் எடுத்த திருச்செல்வம், 2022இல் இதைத் தொடங்கினார். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவைக்கும் ஆதி குணசேகரன். மாரிமுத்து அந்த வேடத்தில் சோபாவில் உட்கார்ந்து 'இந்தாம்மா ஏய்' என்றால் எங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டு மேசையும் சமையலறையுமே திகில் களம். ஈஸ்வரியும் ரேணுகாவும் நந்தினியும் ஜனனியும் அடுப்பருகே தாழ்ந்த குரலில் பேசும் காட்சிகளை நான் எழுந்து போகாமல் பார்த்திருக்கிறேன். அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு விஷயம்கூட சொத்துத் தகராறு கண்ட எந்தக் குடும்பத்துக்கும் புரியும்.

2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து காலமானார். செய்தி கேட்டு உறவினர் போனதுபோல வருந்தினேன். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் நல்ல நடிகர், குறை சொல்ல மனமில்லை. ஆனால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்பதைப் பழகிய நம் கண்ணுக்கும் இந்த மாற்றம் கடினமாக இருந்தது. கதை தளர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் குணசேகரனின் மகள் தர்ஷினி கடத்தப்பட்டது. பெண்கள் வீட்டுக்குள் போராடிக்கொண்டிருந்த கதை தெருத்தெருவாகத் தேடும் கதையாகிவிட்டது. வாரக்கணக்கில் தேடினார்கள். 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தபோது, தொடக்கத்தில் இருந்த கோபம் எனக்குள் பாதிகூட இல்லை.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சொல்வது: விடாது கருப்பை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், தினம் ஒன்று போதும். மெட்டி ஒலியை அம்மாவோடோ அத்தையோடோ பாருங்கள், அவர்கள் நடுவில் சொல்லும் சொந்தக் கதைகளுக்காகவே. எதிர்நீச்சலில் மாரிமுத்து இருந்தவரை ஒன்றையும் தாண்டிப் போகாதீர்கள். எந்தத் தொடரிலும் சங்கமம் என்று இரண்டு குடும்பங்களை ஒரு மணி நேரத்தில் சேர்த்துவைக்கும் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் போகலாம், கதை ஒன்றும் தவறாது. சேனல்காரர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை: ஞாயிறு இரவில் வாரம் ஒரு மணி நேரம், முடிவு எழுதி முடித்த ஒரு மர்மத் தொடர் கொடுங்கள். அந்த நேரத்துக்கு நான் கைவேலை எதுவும் வைத்துக்கொள்ளமாட்டேன்.