குளோரோகுயின் கொடுத்த எலியின் கல்லீரல்: சீரமா, ஸ்லைடா?

கையில் இருந்த ஆய்வுப் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலை. மலேரியா மருந்தான குளோரோகுயின் கொடுத்த விஸ்டார் எலிகளின் (ஓர் ஆய்வக எலி வகை) கல்லீரல் என்ன ஆகிறது என்று அறிய ரத்தத்தின் சீரத்தில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற, கல்லீரல் செல்லில் இருக்கும் நொதிகளைப் பார்ப்பதா, திசுவை வெட்டி ஸ்லைடு போடுவதா? நான் ஸ்லைடு பக்கம் போனேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சீரத்தின் வசதி தெரிந்ததுதான்: கிட் இருந்தால் அன்றே எண் கைக்கு வரும். ஒரே எலியிடம் வாரந்தோறும் ரத்தம் எடுக்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய பலம். மருந்தை நிறுத்திய பின் கல்லீரல் தேறுகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் சீரத்தையே எடுங்கள்.

ஆனால் எஸ்ஜிபிடி சொல்வது, செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி வெளியே கசிந்திருக்கிறது என்பதை மட்டும். 1934-இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் உருவான குளோரோகுயின் வலுக்குறைந்த காரம். செல்லின் கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமின் அமிலத்துக்குள் போனதும் புரோட்டானை ஏற்று, வெளியே வர முடியாமல் அங்கேயே சேர்கிறது. செல் சவ்வின் கொழுப்பான பாஸ்போலிப்பிடைச் சிதைக்கும் நொதிகள் முடங்குகின்றன. சிதையாதது அடுக்கடுக்காகத் தேங்குகிறது. செல் உடையாமலே நிரம்பிக்கொண்டு போகும். உடையாத செல்லிலிருந்து நொதி கசிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எஸ்ஜிஓடி ஏறினாலோ வேறு சிக்கல்: அது தசையிலும் இதயத்திலும் சிவப்பணுவிலும் உண்டு, குளோரோகுயினோ தசையையும் பாதிக்கும் மருந்து.

இதையெல்லாம் விட என்னைத் தீர்மானிக்க வைத்தது, திசுவை மெழுகில் புதைத்து வைக்கும் பாரஃபின் பிளாக்தான். அது அலமாரியில் கிடக்கும். சந்தேகம் வந்தால் மறுபடி வெட்டலாம்.

முதல் ஸ்லைடுகளில் ஹெபடோசைட்டுகளுக்குள் (கல்லீரல் செல்களுக்குள்) வெளிறிய குழிகள் தெரிந்தன. மருந்தால் வந்த கொழுப்பு என்றே குறித்துவிட்டேன். எங்கள் டெக்னீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி தீனியை எடுத்தீங்களாம்மா?" என்றார். எடுக்கவில்லை. வயிறு நிறையத் தின்ற எலியின் கல்லீரலில், சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜன் குவிந்திருக்கும். வழக்கமாகப் போடும் ஹெச் அண்ட் ஈ சாயத்தில் அதுவும் வெளிறித்தான் தெரியும். கொழுப்புத் துளி என்றால் ஓரம் கத்தரித்த வட்டமாக இருக்கும், இது பிசிறடித்திருக்கும். அதே பிளாக்கில் 5 மைக்ரானில் புது செக்‌ஷன் வெட்டி, கிளைக்கோஜனைச் சிவப்பாகக் காட்டும் பிஏஎஸ் சாயம் போட்டோம். மருந்து கொடுக்காத கண்ட்ரோல் எலிகளிலும் அந்த இடங்கள் கருஞ்சிவப்பாக ஏறின. கிளைக்கோஜனைச் சிதைக்கும் டயாஸ்டேஸ் நொதியில் ஊற வைத்துச் சாயமிட்ட செக்‌ஷனில் அந்தச் சிவப்பு இல்லை. அப்போ அது கிளைக்கோஜன்தான். மருந்து கொடுத்த எலிகளில் மட்டும் இருந்த நுரை போன்ற பொடிக் குமிழ்கள் பிஏஎஸ் சாயத்தையே ஏற்காமல் தனியாக நின்றன. அந்தக் குழு முழுக்க வேறொரு பெயரில் எழுதப்பட இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சீரத்தில் இப்படித் திரும்பிப் போக வழியில்லை. −20 டிகிரியில் உறைய வைத்தாலும் எஸ்ஜிபிடி நாள்பட வீரியம் இழக்கும். பழைய குழாயை எடுத்து மறுபடி அளந்தால் வருவது வேறு எண்.

ஸ்லைடுக்கும் குறை உண்டு. பாரஃபினில் புதைக்கும் முன் பயன்படுத்தும் சைலீன் கொழுப்பைக் கரைத்துவிடும், அதனால் கொழுப்பைக் காட்ட வேண்டுமானால் ஃபார்மலினில் வைத்த இன்னொரு துண்டை உறைய வைத்துத்தான் வெட்ட வேண்டும். தேங்கியது பாஸ்போலிப்பிடுதான் என்று அடித்துச் சொல்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும்; அதில் எனக்குப் பழக்கம் குறைவு. இன்னொரு மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட்டை நான் எலிக்குக் கொடுத்ததில்லை, ஆகவே இந்தத் தீர்ப்பு குளோரோகுயினுக்கு மட்டும்.

ஸ்லைடு என்று முடிவெடுத்தால், அறுக்கும் அன்றே இடது பக்க மடலில் மூன்று துண்டு எடுங்கள்: ஒன்று பாரஃபினுக்கு, ஒன்று உறைய வைக்க, கடுகளவு ஒன்று எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்காகக் குளூட்டரால்டிஹைடில். பிளாக்குக்கான துண்டு 5 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தடித்தால் ஃபார்மலின் நடுவே போய்ச் சேர்வதற்குள் திசு கெட்டு, அந்தக் கேடும் மருந்தின் வேலை மாதிரியே தெரியும். எலி எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மையைச் சைலீன் அழித்துவிடும்.