கோதர்கோவ்ஸ்கியின் யூடியூப் சேனல்: யார் பேசுகிறார் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்

ரஷ்ய அரசியலைத் தொடர்ந்து கவனிக்கிறவர்களுக்கு, முன்னாள் எண்ணெய்த் தொழிலதிபரும் புதின் எதிர்ப்பாளருமான மிகைல் கோதர்கோவ்ஸ்கியின் யூடியூப் சேனலைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பேசுகிற மனிதர் எப்படிப் பணக்காரர் ஆனார், எதற்காகச் சிறைக்குப் போனார், இப்போது ஏன் லண்டனில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கேட்டால் இன்னொரு புதின் எதிர்ப்பாளர் பேசுகிறார் என்பதோடு போய்விடும், அவர் சொல்வதன் கனம் புரியாது.

பேச்சு பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான். தானாக வரும் மொழிபெயர்ப்பு வரிகளை வைத்துத்தான் நம்மில் பலர் சமாளிக்க வேண்டும், அதில் ஆட்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அடிக்கடி சிதைந்து வரும். ஆனாலும் மனிதர் குரலை உயர்த்தாமல், வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர் என்பதால் விஷயம் கைநழுவாது. கத்திப் பேசுகிற அரசியல் சேனல்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

சரி, ஆள் யார்? 1995-ல் ரஷ்ய அரசு பணமில்லாமல் தவித்தபோது, வங்கிகளிடம் கடன் வாங்கி, அதற்கு ஈடாக அரசு நிறுவனங்களின் பங்குகளை வைத்தது, கடன் திரும்பாதபோது பங்குகள் ஏலம் வழியாக வங்கிக்காரர்களின் கைக்கே போயின. அந்த வழியில்தான் யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் சுமார் 78 சதவீதப் பங்கு, 30 கோடி டாலரைச் சற்றே தாண்டிய தொகைக்கு கோதர்கோவ்ஸ்கியின் குழுவுக்குப் போனது. ஏலத்தை நடத்தியதே அவருடைய மெனாடெப் வங்கிதான். சாதாரண ரஷ்யர்கள் சேமிப்பை இழந்து நின்ற காலம் அது, அந்தக் கோபம் இன்றும் அங்கே ஆறவில்லை, நியாயமான கோபமும்கூட. இந்தப் பகுதியைப் பற்றி அவர் இன்னும் விரிவாக, இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது என் முக்கியமான குறை.

அப்புறம் 2003 பிப்ரவரி. கிரெம்ளினில் தொழிலதிபர்கள் கூட்டம், கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, நாட்டின் பெரிய பணக்காரரான கோதர்கோவ்ஸ்கி எழுந்து அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் செய்த ஒரு கொள்முதலைக் குறிப்பிட்டு ஊழலைப் பற்றிப் புதின் முகத்துக்கு நேராகவே பேசுகிறார். புதின் பதிலுக்கு யூகோஸின் வரி விவகாரத்தைக் கிளறினார். ஜூலையில் கூட்டாளி பிளாட்டோன் லெபெதெவ் கைதானார். வெளிநாட்டில் தங்கிவிட வாய்ப்பு இருந்தும் கோதர்கோவ்ஸ்கி போகவில்லை. அக்டோபர் 25 அன்று நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் அவரையும் பிடித்தார்கள். வரி ஏய்ப்பு, மோசடி வழக்குகள், சீன எல்லைப் பக்கம் கிராஸ்னோகாமென்ஸ்க் சிறை, பிறகு இரண்டாவது வழக்கு என்று பத்து வருஷம் போனது. இதற்கிடையே 2004 டிசம்பரில் யூகோஸின் முக்கிய உற்பத்திப் பிரிவை, அதுவரை யாரும் கேள்விப்படாத பைகால்ஃபினான்ஸ்குரூப் என்கிற நிறுவனம் 935 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தது, சில நாட்களிலேயே அது ரோஸ்நெஃப்ட் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சொத்து எப்படிக் கைமாறுகிறது என்பதை வாங்கிய இடத்திலும் இழந்த இடத்திலும் இருந்து பார்த்தவர் இவர். அதனால்தான் எண்ணெய் வருமானம், அரசு நிறுவனங்கள், யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று அவர் பேசும்போது வேறெங்கும் கிடைக்காத தெளிவு கிடைக்கிறது. இதற்காகவே சேனலுக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம்.

2013 டிசம்பர் 20 அன்று, ஜெர்மனியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பின் விடுதலையாகி நேராக பெர்லினுக்குப் போனார். அதிகாரப் போட்டியில் இறங்கப் போவதில்லை என்றுதான் அப்போது சொன்னார், அடுத்த வருஷமே 'திறந்த ரஷ்யா' என்ற தன் ஜனநாயக ஆதரவு இயக்கத்தை மறுபடி தொடங்கிவிட்டார். 2015-ல், 1998-ல் கொல்லப்பட்ட, யூகோஸின் எண்ணெய் நகரமான நெஃப்டியூகான்ஸ்கின் மேயர் பெதுகோவ் வழக்கில் அவர் இல்லாமலேயே அவர்மேல் குற்றம் சாட்டினார்கள், அவர் மறுக்கிறார். 2021-ல் இயக்கத்தைக் கலைத்த பிறகும், அதன் இயக்குநராக இருந்த ஆந்த்ரேய் பிவோவரோவைப் புறப்படவிருந்த விமானத்திலிருந்தே இறக்கிக் கைது செய்தார்கள். தலைவர் லண்டனில், விலை கொடுத்தது ஊரில் இருந்தவர்கள். இதைச் சேனலைப் பார்க்கிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது 2023 ஜூன் மாத நிலைப்பாடு. பிரிகோஷின் தன் வாக்னர் என்கிற தனியார் கூலிப்படையோடு மாஸ்கோவை நோக்கிக் கிளம்பியபோது, அவருக்கு உதவுங்கள் என்று கோதர்கோவ்ஸ்கி வெளிப்படையாகச் சொன்னார். ஆட்சிக்கு எதிராக யார் துப்பாக்கியைத் திருப்பினாலும் சரி என்பது அவர் கணக்கு. ஆனால் 2018-ல் அதே வாக்னர் படையைப் பற்றிப் படமெடுக்க மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குப் போன மூன்று ரஷ்யப் பத்திரிகையாளர்கள், ஓர்ஹான் ஜெமால், அலெக்ஸாந்தர் ரஸ்தர்குயெவ், கிரில் ராத்சென்கோ, கோதர்கோவ்ஸ்கி பணம் கொடுத்த புலனாய்வு மையத்துக்காகத்தான் போனார்கள், அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மூவரின் பெயரைத் தெரிந்தவர்களால் அந்த அழைப்பை எப்படிச் சாதாரணமாகக் கடந்து போக முடியும்? அவர் காரணத்தை விளக்கலாம், விளக்கம் புரியவும் செய்யலாம், என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு குறை, நாட்டுக்கு வெளியே இருக்கிற ரஷ்ய எதிர்ப்பாளர்களுக்குள் நடக்கிற சச்சரவு. 2024-ல் சிறையில் இறந்த எதிர்ப்புத் தலைவர் நவால்னியின் குழுவுக்கும் இவர் பக்கத்துக்கும் உள்ள பகை பழையது, அந்த வாதங்கள் வருகிற வீடியோக்களை நான் தாண்டிவிடுவேன், வெளியாளுக்கு அதில் கிடைப்பது குறைவு.

ரஷ்யாவுக்குள் இதைப் பார்ப்பது லேசில்லை. 2022 மே மாதம் அவரை, வெளிநாட்டுச் செல்வாக்கில் இயங்குகிறவர்கள் என்று அரசு முத்திரை குத்தும் 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்த்தார்கள், 2024-ல் அங்கே யூடியூபின் வேகத்தையே குறைத்தார்கள், தடையைத் தாண்ட உதவும் விபிஎன் வழியாகத்தான் பலர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இவர் முதலில் பேசுகிறார் என்பதால் பின்னணி விளக்கம் எதுவும் இருக்காது. புதிதாக வருகிறவர்கள் அன்றாடக் கருத்து வீடியோக்களில் தொடங்க வேண்டாம், முதலில் நீண்ட பேட்டிகளைப் பாருங்கள், அதிலும் கேள்வி கேட்கிறவர் தொண்ணூறுகளைப் பற்றி விடாமல் கேட்டிருந்தால் அதையே முதலில்.