ஊர் சுற்றும் எஸ்எஸ்டிக்கு எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில் வெளிப்புற எஸ்எஸ்டி, அதாவது கேபிளில் செருகும் சேமிப்பு டிரைவ், ஒரே மேசையில் கிடப்பதில்லை. தீமிதி வீடியோ எடுத்த ஸ்டூடியோவில் கிளம்பி, தோட்டத்துக் கோயில் தலைவர் வீட்டு லேப்டாப், தமிழ்ப்பள்ளி ஆபீஸ், ஈப்போவில் எடிட் செய்பவரின் மேக் என்று ஒரு சுற்று போய்த்தான் திரும்பும். போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் கேபிளைப் பட்டென்று உருவுவார். டிரைவில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறைதான் ஃபார்மட்; எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டில் அந்தப் பிடுங்கலைத் தாங்குவது எது என்பதுதான் கேள்வி. வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலும் இரண்டிலும் போகும். அந்தத் தடை பழைய ஃபேட்32க்கு உரியது.

“விண்டோஸில் சட்டென்று கழற்ற வசதியாகக் குவிக் ரிமூவல் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?” என்பார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு அமைப்பு. எழுத வேண்டியதை ரேமில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிரைவுக்கு அனுப்பிவிடும். டிவைஸ் மேனேஜர், டிஸ்க் டிரைவ்ஸ், ப்ராபர்ட்டீஸ், பாலிசீஸ் என்று போனால் பார்க்கலாம். ஆனால் அந்த அமைப்பு அந்தக் கணினியோடு நின்றுவிடும். பள்ளி ஆபீஸ் கணினியில் யாரோ ரேமில் தேக்கி எழுதும் பெட்டர் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி வைத்திருந்தால், உங்கள் வீட்டு அமைப்பு அங்கே செல்லாது. டிரைவோடு கூடவே போவது ஃபார்மட் ஒன்றுதான்.

அதனால்தான் நம் ஓட்டு என்டிஎஃப்எஸ்ஸுக்கு. தோட்டத்தில் காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் பதிந்த பிறகே ஆளை ரப்பர் பால் வெட்டுக்கு அனுப்புவது போல, ஃபோல்டர் பட்டியலிலும் இடக் கணக்கிலும் கை வைக்கும் முன் செய்யப்போவதை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பாதியில் கேபிள் கழன்றால், அடுத்த முறை செருகும்போது அந்தப் பதிவைப் பார்த்துக் கணக்கை நேராக்கும். எக்ஸ்ஃபேட்டில் அப்படிப் பதிவேடு இல்லை. ஃபோல்டர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த நொடியில் இணைப்பு அறுந்தால், அன்று தொடாத பழைய ஃபைல்களும் காணாமல் போகலாம். பிறகு பிழை சரிபார்ப்பு ஓட்டினால் ‘ஃபவுண்ட்’ என்று ஒரு ஃபோல்டரும், பெயர் தொலைந்த துண்டு ஃபைல்களும் மிஞ்சும். அதில் எது தேர், எது அன்னதானம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பாதி காப்பியான வீடியோவை என்டிஎஃப்எஸ்ஸும் காப்பாற்றாது. பதிவேடு காப்பது கணக்கைத்தான், சரக்கை அல்ல.

சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய உள்ள பள்ளிக்கு இன்னொரு லாபம் உண்டு. 1 டிபி டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக இயல்பு அளவில் ஃபார்மட் செய்தால் ஒரு கட்டம் (ஃபைலுக்கு ஒதுக்கும் இடத்தின் சிறு அலகு) 128 கேபி; என்டிஎஃப்எஸ்ஸில் 4 கேபி. 2 கேபி அளவில் பத்தாயிரம் ஃபைல் இருந்தால் எக்ஸ்ஃபேட் 1.2 ஜிபிக்கு மேல் விழுங்கும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு 40 எம்பி தாராளம்.

எக்ஸ்ஃபேட் ஜெயிக்கும் இடம் மேக். மேக், என்டிஎஃப்எஸ் டிரைவைப் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது. ஈப்போ எடிட்டர் அதிலேயே திருத்தி அனுப்ப வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்தான் வழி. ஆனால் ஒரே பிரதியாகக் கொடுத்தனுப்பாதீர்கள். சரியாகக் கழற்றாத எக்ஸ்ஃபேட் டிரைவைச் செருகினால் மேக் பின்னணியில் சோதனை ஓட்டும், டிரைவ் சில நிமிடம் கண்ணிலேயே படாது. கெட்டுவிட்டது என்று அந்த நேரத்தில் மறுபடி பிடுங்குவதுதான் பெரிய தப்பு. டிவியில் எந்த ஃபார்மட் ஓடும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதில் பொதுவாக ஒன்றும் சொல்வதற்கில்லை. செருகிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த ஃபார்மட்டானாலும் இஜெக்ட் (கழற்றப்போகிறேன் என்று கணினிக்குச் சொல்லும் கட்டளை) செய்துதான் கழற்ற வேண்டும். “பயன்பாட்டில் உள்ளது” என்று அடம்பிடித்தால் முதலில் ஃபோல்டர் ஜன்னல்களையும் வீடியோ பிளேயரையும் மூடுங்கள். வைரஸ் ஸ்கேன் ஓடினால் முடியட்டும். அப்படியும் விடாவிட்டால் விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 225 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று பெயரோடு இருக்கும். கடைசி வழி, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன். வெறும் ஷட் டவுன் போதாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும். அப்போது என்டிஎஃப்எஸ் டிரைவைக் கழற்றி வேறு கணினியில் எழுதிவிட்டுத் திரும்பச் செருகினால் கணக்கு குழம்பக்கூடும். எக்ஸ்ஃபேட்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டினால் மறுக்க முடியாது.

பிடுங்குவது ஆள் மட்டுமல்ல. நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளும் தனி கரண்ட் இணைப்பு இல்லாத யுஎஸ்பி ஹப்பும் அதே வேலையைச் செய்யும். யுஎஸ்பி 2.0 துளையின் கணக்கு 500 மில்லிஆம்பியர், 3.0க்கு 900, எழுதும்போது எஸ்எஸ்டி கூடுதலாக இழுக்கும், போதாவிட்டால் தானே அறுந்துகொள்ளும். டிரைவோடு வந்த குட்டைக் கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள். மாலை இடி முழங்கத் தொடங்கினால் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பெரிய காப்பி எதையும் ஆரம்பிக்க வேண்டாம், லேப்டாப்பில் போடுங்கள்.